பதினேழாம் எண் விரிசல்

முதலில் அது விரிசலாகவே தெரியவில்லை.
பெயின்ட் மேல் ஒரு துருக்கசிவு,
கோப்பை விளிம்பில் தேநீர் ஒழுகிய தடம் மாதிரி.
ஹால்டிஸ் கம்பித் தூரிகையால் தேய்த்தாள்,
சிவப்புச் சாயம் பூசித் துடைத்தாள்,
வெள்ளைப் பொடி தெளித்துக் காத்திருந்தோம்.
பற்றவைப்பின் ஓரமாக
மெல்ல ஊறி வந்தது ஒரு சிவப்புக் கோடு.
பதினாலு மில்லிமீட்டர்.

கீழே ஸ்குக்கெல்வா ஆறு,
உறைவதா ஓடுவதா என்று முடிவெடுக்காத அக்டோபர்.
மேலே தாது ரயில், அறுபது பெட்டி,
சுரங்கத்திலிருந்து நிறைந்து போகும்
துறைமுகத்திலிருந்து காலியாகத் திரும்பும்.
கப்பலேறி எந்த ஊரிலோ பாலமாகப் போகிற இரும்பு
இருக்கிற பாலத்தின் முதுகில் ஏறிப் போகிறது.

பாரம் அல்ல பிரச்சினை.
பாரம் வருவதும் போவதும்தான்.
வந்தது அப்படியே நின்றுவிட்டால்
இந்த உத்தரம் நூறு வருஷம் முனகாமல் சுமக்கும்.

"இதற்கா சோர்வு என்று பெயர் வைத்தீர்கள்?"
டிராலி ஓட்டும் நீலாஸ் கேட்டான்.
"சோர்ந்தவன் படுத்தெழுந்தால் தேறிவிடுவானே."
இது தேறாது என்றேன்.
கிறிஸ்துமஸ் அன்று ரயில் இல்லை,
மறுநாள் விட்ட எண்ணிலிருந்தே தொடங்கும்.

அதன் நாளைக் குறிப்பது என் வேலை.
ஒரு ரயிலுக்கு
தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு.
அவ்வளவுதான்.
ஆனால் கந்துவட்டி:
வளர்ந்ததும் சேர்ந்து வளர்க்கும்.
இழுப்பு இரண்டு மடங்கானால்
வேகம் எட்டு மடங்கு.

ஒரே தகட்டில் வெட்டிய ஆறு துண்டுகளை
ஆய்வகத்தில் இழுத்துவிட்டுப் பார்த்தோம்.
ஒன்று நாலு லட்சத்தில் அறுந்தது,
அடுத்தது ஒன்பது லட்சம் தாண்டியது.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.
அதனால் என் வரைபடத்தில் இருந்தது கோடு அல்ல, விசிறி.
மேலாளர் ஓட்வாருக்கு விசிறி வேண்டாம்,
தேதி வேண்டும்.
கொடுத்தேன். அடுத்த ஏப்ரலுக்கு அடுத்த ஏப்ரல்,
பத்தொன்பது மில்லிமீட்டர்.

பிப்ரவரியில் ஓர் இரவு
ஈரத்தாது பெட்டிகளின் அடியில் உறைந்துபோய்
கொட்டியும் கொட்டாமல் திரும்ப,
யாரும் பார்க்காமல் அதன்மேலேயே மறுபடி நிரப்பிவிட்டார்கள்.
உத்தரத்தில் ஒட்டியிருந்த உணரி
நான் அதுவரை பார்த்திராத ஒரு முகட்டை வரைந்தது.
மூன்று மணிக்கு ஓட்வாரை எழுப்பினேன்.
விடிந்ததும் ஹால்டிஸ் கயிற்றில் இறங்கினாள்,
மைனஸ் இருபத்துநாலில்,
மூச்சு புருவத்தில் வெள்ளையாய்ப் படிய.
பதினைந்து, என்று கத்தினாள்.
உடையவில்லை. அன்றைக்கு அது போதும்.

பிறகு மே, ஆகஸ்ட், மீண்டும் பனி.
குறித்த ஏப்ரலில் மூவரும் போனோம்.
சாயம். துடைப்பு. பொடி.
பதினைந்து.
அளவுகோலை மாற்றி வைத்தாள். பதினைந்து.

அந்த ஓங்கிய ஒற்றை அடியில்
நுனி மழுங்கிவிட்டது.
சுற்றியிருந்த இரும்பு நசுங்கி இறுகி
இரு பக்கமும் அழுத்தி
திறக்கவிடாமல் பிடித்திருக்கிறது.
பாடத்தில் உண்டு, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.
நம்பியிருக்கவில்லை.

"அப்போது உன் கணக்கு தப்பா?" என்றார் ஓட்வார் தொலைபேசியில்.
கணக்குக்கு அந்த இரவு தெரியாது.
"வருஷத்துக்கு ஒரு தடவை
அப்படி ஒரு ரயிலை அனுப்பிவிடலாமா?"
அவரே சிரித்துக்கொண்டார்.
கயிற்றில் தொங்கியவள் சிரிக்கவில்லை.

இது குணமில்லை.
நசுங்கிய அந்தச் சின்ன வட்டத்தை
ஒரு நாள் தாண்டும்,
தாண்டியதும் பழைய வட்டி.
எப்போது என்று கேட்டால் மறுபடியும் விசிறிதான்,
போன முறையைவிட அகலமாக.

மஞ்சள் பேனாவால் உத்தரத்தின் மேலேயே எழுதினாள்:
15, ஏப்ரல் 9.
கீழே கொஞ்சம் இடம் விட்டாள்.

ரயில் வந்தது. கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டோம்,
பல்லுக்குள் அதிர்ந்தது.
ஐம்பத்தொன்பது, என்றான் நீலாஸ்.
அறுபது, என்றாள் ஹால்டிஸ்.
நான் எண்ணவில்லை.
கையுறையைக் கழற்றியிருந்தேன்,
கட்டைவிரல்
கோட்டின் நுனியில் இருந்தது.